தூங்கினால்தான் சோறு

விடியல் மார்க் அலாரக் கடிகாரக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கு மூளையும் இருந்திருக்கலாம். யாரும் வெளியே எடுத்துப் பார்த்ததில்லை. தலைவர் மாயழகு. அவருக்குக் கீழே சோணைமுத்துவும் திருவேங்கடமும்.

முதலாளி கோட்டைச்சாமி மூவரையும் கூப்பிட்டார். "திருச்சியில பங்கஜவல்லி அம்மா ஹாஸ்டல் ஹாஸ்டலா நடத்துறாங்க. ரூமுக்கு ஒரு கடிகாரம் வேணுமாம். இந்த ஆர்டர் வரலைன்னா உங்களுக்கு வேலை கிடையாது. செலவு விஷயத்தை ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டுக் கிளம்புங்க."

ஆடிட்டர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "போன ஊர்ல தூங்கியிருந்தாத்தான் சாப்பாட்டுச் செலவை வரியில கழிக்கலாம். ஆதாரம் முக்கியம்."

ராத்தங்குவதைத்தான் சொன்னார். ஒரு மனுஷனுக்குப் பசித்ததா என்பதைவிட அவன் எங்கே தூங்கினான் என்பதில்தான் வரிச் சட்டத்துக்கு அக்கறை. நம் ஆட்களோ சட்டத்தை மதிப்பவர்கள்.

திருச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே சோணைமுத்துவுக்குப் பசி.

"சாப்பிட்டுப் போவமாண்ணே?"

"தூங்காம சாப்பிட்டா சட்டவிரோதம்டா," என்றார் மாயழகு.

"இந்த பெஞ்சுல தூங்கிரட்டுமா?"

"அது உன் சொந்தத் தூக்கம். கம்பெனி வேலையா வந்த இடத்துல தூங்கணும்."

திருவேங்கடம் யோசித்தான். "ஆதாரத்துக்குப் படம் யாருண்ணே எடுக்கிறது?"

"நீதான்."

"படம் எடுத்தா நான் முழிச்சிருந்தேன்னு ஆயிருமே! எனக்கு மட்டும் சோறு கிடையாதா?" பெற்ற தாய்கூட இப்படி ஓரவஞ்சனை செய்யமாட்டாள் என்று திருவேங்கடம் அழுதான். படம் எடுக்கும் பொறுப்பை வெளியாள் ஒருவரிடம் விடுவதென்று முடிவாயிற்று.

பங்கஜவல்லி அம்மா கடிகாரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது அடிச்சா எங்க பிள்ளைங்க எந்திரிப்பாங்களா?"

"அசந்து தூங்குறவனும் அலறி எந்திரிப்பான்மா," என்று மாயழகு தன் போனை நீட்டினார். "நாங்க தூங்குறப்ப ஒரு படம் மட்டும் எடுத்துக் குடுங்க."

மூவரும் அவர் அறையிலேயே படுத்துத் தூங்கிப்போனார்கள். செய்து காட்டுகிறார்கள் போலிருக்கிறது என்று அம்மா மகிழ்ந்துபோய் அலாரத்தை வைத்தார். அது அடித்த அடியில் வாட்ச்மேன் ஓடிவந்தார். மூவருக்கும் விழிப்பு வந்துவிட்டது. ஆனால் படம் எடுக்குமுன் கண்ணைத் திறந்தால் சோறு போய்விடுமே! இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்கள். திருவேங்கடம் குறட்டையும் சேர்த்தான்.

அம்மா படம் எடுத்தார். தன் போனிலும் ஒன்று எடுத்து நேராகக் கோட்டைச்சாமிக்கு அனுப்பி, கீழே எழுதினார்: 'உங்கள் கடிகாரத்துக்கு உங்கள் ஆட்களே எழுந்திருக்கவில்லை.'

விஷயம் தெரியாமல் மூவரும் மெஸ்ஸில் கூச்சமில்லாமல் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டு ஊர் திரும்பினார்கள். கம்பெனி வாசலிலேயே கோட்டைச்சாமி நின்றிருந்தார்.

"உள்ள வராதீங்கடா! உங்களுக்கு இங்க வேலை கிடையாது. மூணு பேரும் வீட்டுக்குப் போங்க!" கத்திவிட்டு, ரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்கக் கடைக்குப் போனார்.

சோணைமுத்துவுக்குச் சந்தேகம். "முதலாளி சொல்லித்தான வீட்டுக்குப் போறோம். பஸ் காசு கழியுமாண்ணே?"

மாயழகு ஆடிட்டருக்குப் போன் போட்டார்.

ஆடிட்டர் எரிந்து விழுந்தார். "எந்த வீட்டைய்யா சொல்றீங்க? வரிக் கணக்குக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கிறது வீடு இல்ல. வேலை பாக்குற இடம்தான் வீடு!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி சொல்லைத் தட்டலாமா?

கோட்டைச்சாமி மாத்திரையோடு திரும்பியபோது, அவர் நாற்காலியில் மூன்று சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. லுங்கி கட்டியிருந்த சோணைமுத்து முகம் மலர ஓடிவந்தான்.

"வாங்க முதலாளி, வாங்க! செருப்பை மட்டும் வாசல்லயே விட்டுருங்க. இது குடும்பம் இருக்கிற வீடு."