ரோஸ்லினின் சந்தேகம்

ரோஸ்லினுக்குத் தன் ஆசிரியை மேல் சந்தேகம் வந்து வெகுநாளாகிவிட்டது.

தூத்துக்குடியில் அனுசுயா நடத்திய அழகுக்கலைப் பயிற்சி நிலையத்தில் ரோஸ்லின்தான் வயதில் மூத்த மாணவி. இறால் கம்பெனியில் ஐஸுக்குள் கைவிட்டே விரல் மரத்துப்போனவள். இனி முடியாது என்றுதான் இந்தத் தொழிலுக்கு வந்தாள். ஆசிரியை இவளைவிடப் பத்து வயதாவது சின்னவள். அவள் இவளை அக்கா என்பாள். இவள் அவளை மிஸ் என்பாள்.

படிப்பு ஒரு வருடம். முடிவில் அரசாங்கத் தேர்வு. பாதிப் படிப்பு முடிந்தும் தோல், நகம், கிருமி என்று பாடம்தான் ஓடியது. முகத்துக்கு அமிலம் பூசிப் பளபளப்பாக்கும் 'பீல்' பற்றிக் கேட்டால், "அதுக்கு அவசரமில்லக்கா" என்பாள் மிஸ்.

ஏன் அவசரமில்லை? நான் கடை போட்டால் தன் வாடிக்கை போய்விடும் என்று பயமா?

இன்னொன்றும் உறுத்தியது. அவ்வப்போது மிஸ் நிலையத்தைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்வருவாள். எங்கே என்று கேட்டால், "ஒரு வேலை" என்பதோடு சரி.

ஒருநாள் ரோஸ்லினின் போனில் ஒரு விளம்பரம் வந்தது. மதுரையில் ஒரு ஓட்டலில் பீல் பற்றி இரண்டு நாள் வகுப்பு. பார்லர் நடத்துகிறவர்களுக்கு மட்டும். அதிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள்.

"பார்லர் வெச்சிருக்கீங்களா மேடம்?"

"ஆமா."

அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஹாலுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முன்வரிசையில் மிஸ் உட்கார்ந்திருந்தாள்.

இதுதானா அந்த வேலை! ரோஸ்லின் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் ஒடுங்கினாள். மிஸ் எழுந்து எழுந்து ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் பயிற்சியாளர் சலித்துப்போய், "மேடம், இதெல்லாம் பேசிக். இங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார். ஹாலே சிரித்தது. ரோஸ்லினும் நன்றாகவே சிரித்தாள்.

ஊர் திரும்பிய மறுநாள் தங்கக்கரை போட்ட சான்றிதழை மிஸ்ஸின் மேஜையில் வைத்தாள்.

"நாளைக்குப் பக்கத்து வீட்டு செல்சியாவுக்கு பீல் போடப் போறேன் மிஸ். அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"நல்ல வகுப்புக்கா அது."

"நீங்களும் வந்திருந்தீங்க. பார்த்தேன்."

"நானும் உங்களைப் பார்த்தேன்."

ரோஸ்லினுக்கு முகம் சுட்டது. அடக்கிவைத்ததெல்லாம் வெளியே வந்தது.

"அப்ப நீங்க போகலாம், நாங்க போகக் கூடாது, அப்படித்தானே? ஒரே ஹால், ஒரே வாத்தியார். உங்களுக்குக் கொடுத்த அதே காகிதத்தைத்தான் எனக்கும் கொடுத்தாங்க. இதுல என்ன மிஸ் வித்தியாசம்?"

அனுசுயா இடது சட்டைக்கையை முழங்கைவரை ஏற்றி, மேஜைமேல் நீட்டினாள்.

"அந்தப் பொண்ணு முகத்துல போடப்போறதை இங்க போடுங்க."

ரோஸ்லின் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். மிஸ்ஸின் கையைத் துடைத்தாள். பிரஷ்ஷைத் தோய்த்து ஒரே சீராகப் பூசினாள். கை நடுங்கவே இல்லை. பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

தோல் சிவந்தது.

"எரியுதா மிஸ்?"

"எரியுது."

"கொஞ்சம் எரியத்தான் செய்யும்னு சொன்னாங்க."

"சரி."

சிவப்பின் நடுவே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் கிளம்பின. மிஸ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் எந்தப் படத்திலும் ரோஸ்லின் இதைப் பார்த்ததில்லை. அவள் மிஸ்ஸின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

தண்ணீர் வெகுநேரம் ஓடியது.

"காலையிலதான் இந்தக் கையில முடியெடுக்க வேக்ஸ் பண்ணினேன்" என்றாள் அனுசுயா. "வேக்ஸ் பண்ணின தோல்ல அமிலம் மேலோட நிக்காதுக்கா. உள்ள இறங்கிடும்."

"தெரிஞ்சேதான் கையை நீட்டினீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"கல்யாணப் பொண்ணு சொல்லுமா?"

நேற்றுச் சாயங்காலம் செல்சியா மாடிப்படியில் வழிமறித்து, முகமெல்லாம் வேக்ஸ் பண்ணிவிட்டு வந்ததாகவும், மழமழவென்று இருக்கிறதா பாருங்கள் என்றும் கன்னத்தைக் காட்டியிருந்தாள். ரோஸ்லினும் தடவிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். இப்போது அந்தக் கன்னம் இன்னும் தன் விரலில் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. குழாயடித் திண்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அங்க இதை யாரும் சொல்லலையே மிஸ்."

"நான் கேட்டேனே. பேசிக்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

ரோஸ்லின் தலை நிமிரவில்லை.

"அவங்க மேல தப்பில்லக்கா. புதுசா என்ன வந்திருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் நானும் அங்க போறேன். பழசு எல்லாருக்கும் தெரியும்னு நம்பித்தான் அவங்க ஆரம்பிக்கிறாங்க."

ரோஸ்லின் போனில் செல்சியாவைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு வேண்டாம்மா."

"என்னக்கா இப்படிச் சொல்றீங்க? எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேனே! ஏன்?"

"எனக்கு அது இன்னும் தெரியாது."

அந்தப் பக்கம் போன் படக்கென்று வைக்கப்பட்டது.

வெந்த இடத்தில் ரோஸ்லினே மருந்து போட்டாள். மெதுவாகத் துணி சுற்றினாள். முடிச்சைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"தேர்வுல பாஸ் ஆயிட்டா, என்னை முகத்துல போட விடுவீங்களா மிஸ்?"

அனுசுயா கட்டுப்போட்ட கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"பாஸ் ஆயிட்டா அரசாங்கம் விடும்க்கா. நான் விடணும்னா, இத்தனை நாளா என்னைச் சந்தேகப்பட்டீங்கல்ல, அதே மாதிரி உங்க கையையும் சந்தேகப்படணும்."