கீழ்க்கரையிலிருந்து வந்த தாழ்ப்பாள்

'இவர்களுக்குச் சிரிப்பு வேண்டும். சிரித்துக்கொண்டே என்னை நாடு கடத்தவும் செய்வார்கள்' என்று நினைத்துக்கொண்டாள் திருவாயி.

ஒரு காலத்தில், பேர் சொல்ல வேண்டாத ஒரு நாட்டில், அரசவையின் விகடக்காரியாக இருந்தவள் அவள். பிறந்தது ஆற்றுக்கு அக்கரையில், கீழ்க்கரை நாட்டில். அங்கே அண்ணனும் தம்பியும் அரியணைக்காக அடித்துக்கொண்டபோது, சமாதானம் செய்யவென்று இக்கரை மன்னர் படை அனுப்பினார். தம்பி பட்டம் சூடினான். போன படை திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டது. மன்னருக்கு இரக்கம் இருந்தது உண்மை. அக்கரை நெல்வயல்கள்மேல் கண் இருந்ததும் உண்மை. இரண்டையும் அவர் தமக்குள் பிரித்துப் பார்த்ததே இல்லை.

அன்று அவருக்கு ஓர் ஆசை வந்தது. "கீழ்க்கரை மக்கள் நம்மை வாழ்த்துகிறார்களா? அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்."

தளபதி கோளரியார் முந்திக்கொண்டார். தம் யோசனைகளைவிட அவளுடைய பரிகாசம் மன்னர் காதில் ஏறுவது அவருக்குப் பொறுக்காது.

"திருவாயியை அனுப்புங்கள், மகாராஜா. நாம் போனதால் அந்த நாட்டுக்குப் புதிதாகக் கிடைத்த பொருள் ஒன்றைக் கொண்டுவரட்டும். வெறுங்கையோடு வந்தால், பிறந்த வீட்டுப் பாசத்தில் மறைக்கிறாள் என்றுதானே அர்த்தம்? அப்புறம் அவளுக்கு இங்கே என்ன வேலை?"

சபை சிரித்தது. மன்னர் தலையசைத்தார்.

போய் வந்தவள் துணி முடிச்சை அவிழ்த்தாள். பட்டுத்துணியையோ முத்தையோ எதிர்பார்த்த சபையின் நடுவே ஒரு மரத் தாழ்ப்பாள் கிடந்தது.

"என்ன இது?"

"கேட்ட பொருள்தான், மகாராஜா. எங்கள் ஊர்க் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆடு நுழையாமல் சாத்தி வைப்போம், அவ்வளவுதான். இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. நம் படை போன பிறகு வந்தது."

"தச்சன் செய்ததற்கு நாங்களா பொறுப்பு?" என்று சீறினார் தளபதி.

"தச்சர்களைக் குறைவாகப் பேசாதீர்கள், ஐயா. அந்த நாட்டிலேயே உங்களை வாழ்த்துகிறவர்கள் அவர்கள்தான். படை திரும்பிவிடக் கூடாதென்று கோயிலில் விளக்கேற்றுகிறார்கள்."

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். கைக்காப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "ஜெயித்துவிட்டாய், திருவாயி!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கை வீட்டுக் கதவைத் தட்டியது மனதில் நின்றது. "அக்கா வந்திருக்கேன்டி" என்ற பிறகும் தாழ்ப்பாள் விலகவில்லை. "உங்கூட யாரு வந்திருக்கா?" என்றுதான் உள்ளிருந்து குரல் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் மன்னர் சொன்னார்: "மேல்மலை நாட்டிலும் இப்போது வாரிசுச் சண்டை. பாவம், அங்கே பெண்டு பிள்ளைகள் படும் பாட்டைக் கேட்க முடியவில்லை. நாளை படை புறப்படுகிறது. நீ முன்னால் போ. உன் விகடத்தைக் கேட்டால் எந்த ஊரும் கதவைத் திறந்துவிடும்."

அவர் குரலில் இருந்தது நிஜமான இரக்கம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

திருவாயி காப்பைத் தாழ்ப்பாளின் பக்கத்தில் வைத்தாள்.

"மேல்மலையில் கதவுகளுக்கு இன்னும் தாழ்ப்பாள் இல்லையாம், மகாராஜா," என்றாள் மெதுவாக. "நான் போகவில்லை."