கன்சிடரேஷனுக்கு அடியில்

ஊமத்தம்பட்டியில் அறிவுக்குப் பஞ்சம் என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அது அவதூறு. அங்கே பஞ்சம் தண்ணீருக்குத்தான். அறிவு இல்லாததை அந்த ஊர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

கிணறு வறண்டுபோன ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? காத்தாயியின் மகன் பொன்னுரங்கத்துக்கு நெற்றி மேலேறி, மீசையில் வெள்ளை விழுந்த பிறகுதான் ஒரு சம்பந்தம் அமைந்தது. பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கல்யாணத்தன்று வண்டியை விட்டு இறங்கும்போது கால் கழுவ அந்த ஊரில் தண்ணீர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே வண்டியில் பெண்ணோடு திரும்பிவிடுவார்.

உடனே ஊமத்தம்பட்டி குடிநீர்ப் போராட்டக் குழு அமைக்கப்பட்டது. வெள்ளையப்பனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குத் தொண்டை பெரியது. பெரிய கட்சிகளிலேயே வேறு தகுதி பார்ப்பதில்லை; ஊமத்தம்பட்டியை மட்டும் குறை சொல்வானேன்.

குடிநீர் அலுவலகத்து அதிகாரி வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் தெரியாது. ஆகவே எல்லாம் இங்கிலீஷில் நடக்க வேண்டியிருந்தது. அதற்கு ஜெபமணி இருந்தார். ஊரில் மற்றவர்கள் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையை ஒரே ஒரு தடவை எழுதிவிட்டு ஒதுங்கியவர்கள். ஜெபமணி ஐந்து தடவை எழுதியவர்.

முதல் கூட்டத்திலேயே அவர் அடிப்படையை விளக்கினார். தமிழில் 'வீடு' என்ற சொல்லுக்கு 'இல்', 'கு' எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷில் அந்தச் சின்னச் சொல் முன்னால் நடக்கும். 'இன்' முன்னே போகும், 'ஹவுஸ்' பின்னே வரும்.

"அதாவது நம்ம மாட்டுக்கு வாலு பின்னாடி, அவங்க மாட்டுக்கு வாலு முன்னாடி," என்றார் தலைவர்.

"அதேதான் தலைவரே."

இங்கிலீஷ் அதிகாரியிடம் போகிற ஊர்வலம் இங்கிலீஷ் முறைப்படியே போக வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கடைசியில் வர வேண்டியவர்கள் முன்னால் நடந்தார்கள். வழி தெரிந்த தலைவர் கடைசியில் நடந்தார். தலைவர் இருக்கிறார் என்று முன்னால் போனவர்கள் நடந்தார்கள். முன்னால் போகிறவர்களுக்குத் தெரியாதா என்று தலைவரும் நடந்தார். ஊர்வலம் மாட்டுச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

வந்தது வந்துவிட்டோம் என்று அங்கேயே நின்று வெயில் உச்சிக்கு வரும்வரை முழக்கமிட்டார்கள். மாடுகள் அசைபோட்டபடி கேட்டுக்கொண்டிருந்தன. திரும்பி வரும் வழியில் தலைவருக்கு மனம் நிறைந்திருந்தது. எந்த ஆபீஸிலும் நாம் சொல்வதை இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதில்லை என்றார்.

அடுத்த கூட்டத்தில் கோரிக்கையை எழுத உட்கார்ந்தார்கள். இங்கிலீஷில் 'டிமாண்ட்' துணையில்லாமல் வெளியே போகாது என்றார் ஜெபமணி. டிமாண்டுக்கும் வாட்டருக்கும் நடுவில் ஒரு 'ஃபோர்' நிற்க வேண்டும். அது நிற்காததால்தான் பரீட்சையில் தனக்கு மார்க் போனது.

"ஃபோர்னா நாலுதானே?" என்று கேட்டார் தலைவர்.

"நாலுதான். ஏன் நாலுன்னு எந்த வாத்தியாரும் சொல்லல."

"ஒரு தண்ணிக்கே வழியக் காணோம். நாலு தண்ணிக்கு நான் எங்கடா போவேன்?" என்றாள் காத்தாயி.

"நானா கேக்கறேன் அத்தை? இலக்கணம் கேக்குது."

இலக்கணம் கேட்டால் கொடுத்துத்தானே ஆக வேண்டும். தண்ணீர், வெந்நீர், இளநீர் என்று மூன்று தேறின. நான்காவதுக்கு வெகுநேரம் யோசித்தார்கள். கண்ணீர் என்றார் தலைவர்.

"அது வேண்டாம்," என்றாள் காத்தாயி. "அது நம்மகிட்ட இருக்கு."

கண்ணீரை அடித்துவிட்டுப் பன்னீர் என்று எழுதினார்கள். சம்பந்தி வீட்டார்மேல் தெளிக்க அதுவும் வேண்டியதுதான்.

இந்த முறை வழி தெரிந்தவர் முன்னால் நடந்ததால் அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். அதிகாரி மனுவைப் படித்தார், புரட்டிப் பார்த்தார், மறுபடி படித்தார். பிறகு ஒரு வரி எழுதி பியூன் தங்கையாவிடம் கொடுத்தார். தங்கையா வெளியே வந்து வாசித்தார்: "உங்க டிமாண்ட் அண்டர் கன்சிடரேஷன்ல இருக்கு. போயிட்டு வாங்க."

இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போன ஊர்கள் நிறைய உண்டு. எல்லாம் படித்தவர்கள் இருந்த ஊர்கள். பதில் இன்னும் அப்படியே இருக்கிறது. சில இடங்களில் ஊர்தான் இல்லை.

ஊமத்தம்பட்டிக்காரர்களுக்கு அந்தப் படிப்பு இல்லாததால் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து பதிலுக்குப் பொருள் பார்த்தார்கள்.

"அண்டர்னா?"

"அடியில," என்றார் ஜெபமணி.

"ஆதாரம்?"

"அண்டர்வேர், தலைவரே."

தலைவர் வேட்டியைக் குனிந்து பார்த்து, சரிதான் என்று ஏற்றுக்கொண்டார்.

ஆக, தண்ணீர் கன்சிடரேஷனுக்கு அடியில் இருக்கிறது. இருக்கிறது என்று அதிகாரியே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். மிச்சமிருந்தது ஒரே சந்தேகம்தான், கன்சிடரேஷன் என்பது எது? ஐந்து பரீட்சையில் ஒன்றில்கூட அந்தச் சொல் வரவில்லை. தங்கையாவைக் கேட்டார்கள். அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபடி, "அதெல்லாம் ஐயா மேஜையிலதான்யா கிடக்கும்," என்றார்.

மறுநாள் கடப்பாரை, மண்வெட்டியோடு வந்தார்கள். ஐயா ஆன் டூர் என்றார் தங்கையா. ஆன் என்றால் மேலே என்று ஜெபமணி விளக்கினார். டூர் என்பது குதிரையா ஜீப்பா என்று சிறிது விவாதம் நடந்தது. எதுவானாலும் அதிகாரி அதன்மேல் இருக்கிறார், சட்டென்று இறங்கமாட்டார் என்று முடிவானது.

உள்ளே என்ன வேலை என்று தங்கையா கேட்டார். ஐயா எழுதிக் கொடுத்த வேலை என்றார் தலைவர். அலுவலகத்தில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

மேஜையை நகர்த்திப் பார்த்தார்கள். அடியில் ஒரு ஜோடி செருப்பும் சுண்டல் காகிதமும் ஒரு பேனா மூடியும் கிடந்தன. பொன்னுரங்கத்தின் முகம் விழுந்துவிட்டது.

காத்தாயி குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தாள். "அடியிலன்னா தரைக்கும் அடியிலதான்டா. படிச்ச மனுசன் மேலாக்கவா வெச்சிட்டுப் போவான்?"

தோண்டினார்கள். கல்யாணம் ஆகவேண்டியவன் ஆகையால் பொன்னுரங்கம் மற்ற எல்லாரையும்விட வேகமாகத் தோண்டினான். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை எதன்மீதோ 'ணங்' என்று பட்டது. இன்னொரு குத்துக் குத்தினான். தண்ணீர் பீறிட்டு மேலே எழுந்து, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியில் பட்டு, அறை முழுக்க மழையாகப் பெய்தது.

அது அதிகாரிகள் குடியிருப்புக்குப் போகிற பெரிய குழாய். ஊமத்தம்பட்டிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் தோண்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

நனைந்துகொண்டே தலைவர் அதிகாரியின் காலி நாற்காலியைக் கும்பிட்டார். "எத்தனை பேர்கிட்ட மனு குடுத்திருப்போம். இருக்கற இடத்தைச் சொன்ன மொத ஆளு இந்த வடக்கத்தி மனுசன்தான்."

அந்த மனுசன் சாயங்காலம் டூரிலிருந்து இறங்கி வந்தார். வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்று தன் அறையைப் பார்த்தார். பிறகு, "அவுட்! அவுட் ஆஃப் மை ஆபீஸ்!" என்று கத்தினார்.

எல்லாரும் ஜெபமணியைப் பார்த்தார்கள்.

"என் ஆபீஸ்லேர்ந்து வெளியே. தண்ணிய வெளியே கொண்டுபோகச் சொல்றாரு."

அது நியாயமான உத்தரவாகப் பட்டது. வாசற்படியை உடைத்து, ஊர்வரைக்கும் கால்வாய் வெட்டினார்கள். அலுவலகம் மேட்டில் இருந்தது, ஊர் பள்ளத்தில் இருந்தது. இந்த நாட்டில் வழக்கமாக அலுவலகத்திலிருந்து பள்ளத்துக்கு எதுவும் இறங்குவதில்லை. அன்றைக்குத் தண்ணீர் இறங்கியது. கல்யாணத்தன்று விடிந்தபோது ஊர்க்குளம் கரை தொட்டு நின்றது.

பெண் வீட்டு வண்டி வந்து நின்றது. பெண்ணின் அப்பா இறங்கிக் கால் கழுவினார். முகம் கழுவினார். நம்பிக்கை வராமல் வண்டியையும் கழுவினார். பிறகு காத்தாயியிடம் வந்து, "தண்ணி சரி சம்பந்தி. பன்னீர் எங்க?" என்று கேட்டார்.

குழு திகைத்துவிட்டது. கேட்டது நாலு, வந்தது ஒன்று. அவசரத்தில் பாக்கியை மறந்தே போயிருந்தார்கள். அடுத்து எதற்கு அடியில் பார்ப்பது என்றும் யாருக்கும் தெரியவில்லை. பெண்ணின் அப்பா வண்டியைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில் போலீஸ் ஜீப் வந்தது. அதில் அதிகாரியும் இருந்ததால் இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் பேசினார். "யூ ஆர் ஆல் அண்டர் அரெஸ்ட்."

மேளம் நின்றது. ஜெபமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடியில," என்றார். "அரெஸ்ட்டுக்கு அடியில."

தலைவர் இன்ஸ்பெக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, அந்த அரெஸ்ட் எங்க இருக்கு?"

"வா, ஸ்டேஷன்ல காட்டறேன்," என்றார் இன்ஸ்பெக்டர்.

இலையைப் போடச் சொல்லுங்கள், இதோ வந்துவிடுகிறோம் என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு ஆண்கள் எல்லாரும் ஜீப்புக்கு ஓடினார்கள். கழுத்தில் மாலையும் தோளில் கடப்பாரையுமாகப் பொன்னுரங்கம்தான் முதலில் ஏறினான். ஜீப் கிளம்பிய பிறகு காத்தாயிக்குப் பெற்ற வயிறு கேட்கவில்லை. புழுதியோடு பின்னாலேயே ஓடினாள்.

"டேய் பொன்னுரங்கம், பாத்துக் குத்துடா. மொதல்ல வெந்நீர் வந்தாலும் வந்துரும்."