மாசானம் குடிக்காத பாதி

முன்னொரு காலத்திலே, உங்களுக்கும் எனக்கும் பேர் வைக்க ஆளே பிறக்காத காலத்திலே, மஞ்சணத்தி நாடுன்னு ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் மாசானம்னு ஒருத்தன். காய்கனித் தோட்டம்தான் அவன் பிழைப்பு. பெண்டாட்டி பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்துட்டாள். அவனுக்குன்னு மிச்சம் இருந்தது ஒரே ஒரு மகள். பேரு பொன்னுருவி. முன்பல் விழுந்து முளைக்கிற வயசு.

காலையில் எழுந்ததும் மாசானத்துக்கு முதல் வேலை, மகளுக்குச் சாறு எடுக்கிறது. நெல்லிக்காயோ வெள்ளரிக்காயோ, தோட்டத்தில் அன்னைக்கு எது கண்ணில் பட்டதோ அது. ஆனால் ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போடாமல் எந்தச் சாறும் எடுக்க மாட்டான். சர்க்கரை போடுவானான்னு கேட்காதீங்க, போட மாட்டான். பழத்தில் இல்லாத இனிப்பா உங்க டப்பாவில் இருக்கு? பிழிஞ்ச கையோடு தம்ளரை நீட்டிடுவான். வச்சிருந்து குடிச்சா சாறு செத்துப்போகும்கிறது அவன் கட்சி.

"நீங்க குடிக்கலையாப்பா?"

"நான் அப்பவே குடிச்சாச்சு தாயி. நல்லா இருக்கு, நீ குடி."

குடிச்சிருக்க மாட்டான். தம்ளரைக் கழுவின தண்ணியை வாயில் ஊத்திக்குவான், அவ்வளவுதான். மகள் வயிறு நிறைஞ்சா தன் வயிறு நிறைஞ்ச மாதிரின்னு நினைப்பு. இதில் என்ன அதிசயம்? உங்க வீட்டிலும் இப்படி ஒரு ஆள் இருக்கும், போய்ப் பாருங்க.

ஒருநாள் அப்பனும் மகளும் நெல்லிக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போனாங்க. வழியில் தன்னந்தனியா ஒரு மாதுளை மரம். அதில் ஒரே ஒரு பழம், வெடிச்சுச் சிரிச்சுக்கிட்டு நிக்குது. பிள்ளை கேட்டால் மாசானத்துக்குக் கை நிக்குமா? சுத்திமுத்திப் பார்த்தான், ஆள் இல்லை. பறிச்சுக் கொடுத்துட்டான்.

"உங்களுக்குப் பாதி?"

"எனக்கு மாதுளை பிடிக்காது தாயி. நீ தின்னு."

கடைசி முத்து அவள் வாய்க்குள் போனதும் அவ்வளவுதான், அய்யோ, அந்தப் பிள்ளை கீழே விழுந்தது. உதடு வெடிச்சது. கன்னம் ஒட்டிப்போச்சு. தூக்கினால் சருகு மாதிரி கனமே இல்லை. தண்ணி கொடுத்தான், தொண்டையில் இறங்கலை. கடைவாய் வழியா வழிஞ்சு போச்சு.

"யாருடா என் மரத்தில் கை வச்சது?"

மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தான் மந்திரவாதி கருவண்டன். மாசானம் தடால்னு அவன் காலில் விழுந்தான்.

"தப்பு என்னோடது சாமி. பறிச்சது நான். தண்டனையை எனக்குக் கொடுங்க."

"பறிச்சது நீ. தின்னது அவள். நீயும் பாதி தின்னிருந்தா விஷமும் பாதியாப் பிரிஞ்சிருக்கும். ரெண்டு பேருக்கும் தலைவலியோடு போயிருக்கும்." கருவண்டன் தாடியை உருவிக்கிட்டே சிரிச்சான். "சரி, போனால் போகுது. ஒரு கல்லுரல் தர்றேன். அதில் இடிச்ச சாறுதான் இவள் தொண்டையில் இறங்கும். பச்சைச் சாறு ஒண்ணு, வெள்ளைச் சாறு ஒண்ணு, சிவப்புச் சாறு ஒண்ணு. ஆனால் ஒண்ணு சொல்றேன், காதில் வாங்கிக்கோ. இடிக்கிறவன் பாதி குடிக்கணும், பிள்ளை பாதி குடிக்கணும். நீ உன் பாதியைக் குடிக்கலைன்னா உன் உடம்பு கல்லாகும்."

"பாதி குடிச்சாலும் என் மக பிழைப்பாளா?"

"பிழைப்பா. கொஞ்சம் மெதுவா பிழைப்பா."

கேட்டீங்களா அந்த வார்த்தையை? மெதுவா. கருவண்டன் தெரிஞ்சேதான் சொன்னான். பெத்தவன் காதில் அது ஒண்ணுதான் விழும்னு அந்தப் பாவிக்குத் தெரியும். இப்படி எத்தனை பேரைப் பார்த்தவன் அவன்!

மாசானம் ஒரு தோளில் மகளையும் இன்னொரு தோளில் உரலையும் சுமந்து வீடு வந்தான். முதலில் பச்சைச் சாறு. நெல்லிக்காயைக் கொட்டை நீக்கிப் போட்டான், கறிவேப்பிலை ஒரு கொத்து, இஞ்சி ஒரு துண்டு, உப்பு ஒரு சிட்டிகை. குழவியைத் தூக்கி இடிச்சு, துணியில் கட்டிப் பிழிஞ்சான். ஒரு தம்ளர் வந்தது. மகள் வாயில் வச்சான். பாதி இறங்கினதும் அவள் இமை அசைஞ்சது.

அதோடு நிறுத்தணும். மிச்சப் பாதி அவனோடது. ஆனால் இமை அசைஞ்ச பிள்ளை கண்ணைத் திறக்காதான்னு எந்த அப்பனுக்கும் இருக்குமா இருக்காதா? மிச்சத்தையும் அவளுக்கே ஊத்திட்டான். பொன்னுருவி கண்ணைத் திறந்து, "அப்பா"ன்னாள். அந்த ஒரு சொல்லுக்கு மாசானம் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அப்போ உரல் பேசிச்சு. "அண்ணாச்சி, உங்க பங்கைக் குடிச்சீங்களா?"

பொம்பளைக் குரல். மாசானம் ஆடிப்போனான். பிறகு சமாளிச்சுக்கிட்டு, "குடிச்சாச்சு ஆத்தா"ன்னான். எந்தக் காலத்துக் கல்லோ, அதுக்குப்போய் நான் அண்ணாச்சியான்னு உள்ளுக்குள் சிரிப்பு வேறே. சிரிச்சு முடிக்கிறதுக்குள் இடது கை விரல் அஞ்சும் கல்லாச்சு.

அடுத்தது வெள்ளைச் சாறு. வெண்பூசணியைத் தோல் சீவி, குடலை எடுத்து, நாலு மிளகும் இஞ்சியும் சேர்த்து இடிச்சான். பாதி குடிச்சதும் பிள்ளை தானாக எழுந்து உட்கார்ந்தாள். மிச்சத்தைக் கையில் வச்சுக்கிட்டு மாசானம் பார்த்தான். உட்கார்ந்த பிள்ளை நிக்காதா? அதையும் கொடுத்தான். பொன்னுருவி சுவரைப் பிடிச்சு எழுந்து நின்னாள்.

"அண்ணாச்சி, உங்க பங்கைக் குடிச்சீங்களா?"

"குடிச்சாச்சு ஆத்தா."

"எனக்குத் தெரியாத பொய்யா இது?" உரல் கெஞ்சிச்சு. "வேண்டாம் அண்ணாச்சி. கை கும்பிட எனக்குக் கை இல்லை. கும்பிட்டதா நினைச்சுக்கோங்க. இதுக்கு மேலே சொல்ல விடாமல் அந்தப் படுபாவி என் வாயைக் கட்டி வச்சிருக்கான்."

கல்லு தோள்பட்டை வரைக்கும் ஏறிடுச்சு. மாசானம் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கிட்டான். இன்னும் ஒரு தம்ளர்தான். அதை அவள் முழுசாக் குடிச்சா கல்லு நெஞ்சுக்கு வரும்னு அவனுக்குத் தெரியாமல் இல்லை. மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீட்டில் சேர்த்துடலாம், நல்லா வளர்த்துடுவாள்னு மனசுக்குள் எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டான். சொல்ல வேண்டியவளுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லலை.

மூணாவது, சிவப்புச் சாறு. மாதுளையும் தக்காளியும். ஒத்தைக் கையால் மாதுளையை உரிச்சுப் பார்த்திருக்கீங்களா? பழம் உருளுது, முத்து சிதறுது. ஒருவழியா இடிச்சு, துணி முனையைப் பல்லில் கடிச்சு முறுக்கிப் பிழிஞ்சான். அதைப் பார்த்துக்கிட்டே நின்ன பொன்னுருவி சுவரைப் பிடிச்சு நடந்து வந்தாள்.

"அந்தக் கையை ஏம்ப்பா மூடி வச்சிருக்கீங்க? நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

"ஒண்ணுமில்ல தாயி. சுளுக்கு."

அவள் துண்டுக்குள் கையை விட்டாள். சில்லுன்னு இருந்தது. துண்டை இழுத்தாள். தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் கருங்கல்.  கல்லுரலைப் பார்த்தாள், அப்பன் கையைப் பார்த்தாள், மறுபடி உரலைப் பார்த்தாள்.

"சாறு குடிச்சாத்தானே எனக்குச் சரியாச்சு? உங்களுக்கு மட்டும் ஏன் ஆகலை? நீங்க குடிக்கலையா?"

"குடிச்சேன் தாயி. நிறையக் குடிச்சேன்."

"ஊதுங்க."

"என்னது?"

"வாயை ஊதுங்கப்பா. எல்லாச் சாறிலும் இஞ்சி போட்டீங்கல்ல? குடிச்சிருந்தா வாசம் வரும். ஊதுங்க."

மாசானம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பிள்ளை அவன் தாடையைப் பிடிச்சுத் தூக்கினாள். அவன் ஊதினான். இஞ்சி வாசமும் இல்லை, நெல்லிக்காய் வாசமும் இல்லை. பசிச்சுக் காய்ஞ்ச வாய் வாசம்தான் அடிச்சது.

பொன்னுருவி அப்படியே தரையில் உட்கார்ந்து ஓன்னு அழுதாள். மாசானம் கெஞ்சினான். "இந்த ஒரு தம்ளரைக் குடிச்சிடு என் கண்ணு. குடிச்சா உனக்குப் பூரணமாச் சரியாயிடும். ஓடலாம், ஆடலாம்."

"யாரோட ஆடுறது?"

மாசானம் தம்ளரை அவள் வாய்கிட்டே கொண்டுபோனான்.

"நீங்க பாதி குடிங்க. இல்லைன்னா எனக்கு ஒரு சொட்டு வேண்டாம்."

"இன்னைக்குக் குடிக்கலைன்னா நீ மறுபடி உலர்ந்துபோவே தாயி!"

"உலர்ந்துபோறேன்." வாயை இறுக்கி மூடிக்கிட்டாள் அந்தப் பிள்ளை.

தம்ளர் நடுவில் இருக்கு. அப்பன் ஒருபக்கம், மகள் ஒருபக்கம். நுரை அடங்கிக்கிட்டே வருது. பொன்னுருவியின் உதடு ஓரத்தில் மறுபடியும் வெடிப்பு விழுது. உரலுக்கு அதுக்கு மேலே பொறுக்கலை. "சாறு சாகுது அண்ணாச்சி! குடிங்க! குடிச்சுத் தொலைங்க!"ன்னு கத்திச்சு.

மாசானம் தம்ளரைத் தூக்கினான். ஒரு மடக்கு, ரெண்டு மடக்கு, மூணு மடக்கு. அவனுக்குக் கண்ணில் தண்ணி வந்துடுச்சு, புரையேறிடுச்சு.

"அடேயப்பா, என்ன காட்டம்! இவ்வளவு இஞ்சியோடவா தாயி இத்தனை நாளும் குடிச்சே?"

"ஆமாப்பா. நீங்கதான் குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அதனால நானும் குடிச்சேன்."

மாசானத்துக்கு வெட்கமா, துக்கமான்னு தெரியலை. மிச்சப் பாதியை அவளிடம் நீட்டினான். அவள் மூச்சுவிடாமல் குடிச்சாள். கடைசிச் சொட்டு இறங்கினதும் படார்னு ஒரு சத்தம். உரல் ரெண்டாப் பிளந்தது. கருவண்டன் மந்திரம் நின்னதே பெத்தவங்க சொல்ற ஒரு பொய் மேலேதான். அந்தப் பொய் போச்சு, மந்திரமும் போச்சு. காட்டில் கருவண்டன் பிழிஞ்சு போட்ட சக்கையாச் சுருங்கி விழுந்தான். மாசானம் கையில் ரத்தம் ஓடிச்சு, விரல் மடங்கிச்சு. பொன்னுருவி கன்னத்தில் சதை வச்சது.

பிளந்த உரலுக்குள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாசானம் இத்தனை நேரமும் ஆத்தா ஆத்தான்னு கூப்பிட்டானே, அவளுக்கு முப்பது வயசுகூட இருக்காது. எழுந்ததும் எழாததுமா அவள் வாசலுக்கு ஓடினாள்.

"வெயிலுகந்தா! ஏட்டி வெயிலுகந்தா! அம்மா வந்துட்டேன்!"

தெருவில் போனவங்க திரும்பிப் பார்த்துட்டுப் போனாங்க. ஒருத்தருக்கும் அந்தப் பேர் தெரியலை. அவள் காலத்தில் நாட்டை ஆண்ட ராஜா யார்னு மாசானம் கேட்டான். சொன்னாள். அப்படி ஒரு ராஜாவை அவன் தாத்தன்கூடப் பார்த்திருக்க மாட்டான். அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாமல் அவன் நிக்கிறதைப் பார்த்தே அவளுக்கு விளங்கிடுச்சு. மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"என் பேரு முப்பிடாதி"ன்னாள். "என் மகளும் அந்தப் பழத்தைத் தின்னவதான். மூணு தம்ளரையும் அவளுக்கே கொடுத்தேன். அவள் பிழைச்சுட்டாள் அண்ணாச்சி. துள்ளிக்கிட்டு ஓடினாள். அவளுக்குத் தெரியாமல் கருவண்டன் வந்து, கல்லுரலாகிப் போன என்னைத் தூக்கிக்கிட்டு வாசல் தாண்டினான். அதுக்குள் என் மக திரும்பி வந்து, அம்மா எங்கேன்னு வீடு முழுக்கத் தேடினாள். அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. வாயைத் திறக்க முடியலை."

பொன்னுருவி ஓடிப்போய்த் தோட்டத்திலிருந்து ரெண்டு நெல்லிக்காயும் ஒரு வெள்ளரியும் பறிச்சு வந்தாள். வீட்டு அம்மியில் வச்சு, பிஞ்சுக் கையால் நசுக்கிப் பிழிஞ்சு, இஞ்சியைக் குறைச்சுப் போட்டு, தம்ளரில் கொண்டுவந்து நீட்டினாள். முப்பிடாதி வாங்கிக்கிட்டாள், குடிக்கலை. பிள்ளை முகத்தையே பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். உங்க அப்பா கல்லாப் போயி, ஒருத்தன் தூக்கிட்டும் போயிருந்தா, நீ என்ன நினைச்சிருப்பே? உனக்காகத்தான் போனார்னு நினைச்சிருப்பியா?"

பொன்னுருவி யோசிச்சாள். பொய் சொல்ல அவளுக்குத் தெரியாது.

"இல்லை. நான் சீக்காளிப் பிள்ளைன்னு என்னை விட்டுட்டுப் போயிட்டார்னு நினைச்சிருப்பேன். நான் நல்ல பிள்ளையா இருந்திருந்தா போயிருக்க மாட்டார்னு நினைச்சிருப்பேன்."

முப்பிடாதி தலையை ஆட்டினாள். "அவளும் அப்படித்தான் நினைச்சிருப்பா"ன்னாள். பிறகு தம்ளரை வாயில் வச்சு, கண்ணீரும் சாறுமா, தன் பங்கைக் குடிச்சாள்.

மாசானம் அடுக்களைக் கதவைப் பிடிச்சு நின்னுக்கிட்டிருந்தான். மகளுக்காக உயிரைக் கொடுக்கப் போனோம்னு இத்தனை நேரமும் பெருமையா நினைச்சுக்கிட்டிருந்த மனுஷன் அவன். ஓடிவந்து பொன்னுருவியைக் கட்டிக்கிட்டு, "அப்பா எங்கேயும் போக மாட்டேன் தாயி, அப்பா எங்கேயும் போக மாட்டேன்"னு விடாமல் சொன்னான். சாகப் பயப்படாத ஆளு, அன்னைக்குத்தான் பயந்து அழுதான்.

முப்பிடாதி அந்த வீட்டிலேயே தங்கச்சியா இருந்துட்டாள். தோட்டம் பருவம் தப்பாமல் காய்ச்சது. தினமும் காலையில் மூணு தம்ளர் சாறு, மூணு பேரும் ஒண்ணா உட்கார்ந்து குடிச்சாங்க. வெயிலுகந்தா கதை என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கதை இவ்வளவுதான், கேட்டவங்க எல்லாரும் நல்லா இருங்க. எழுந்து போங்க, வீட்டில் இன்னும் வாயில் ஒண்ணும் படாமல் யார் இருக்காங்கன்னு பாருங்க.