ஓரத்து வெற்றிடம்

"என் கவிதைக்குள்ள இருக்கிற வெற்றிடத்தை அழிக்க இவன் யாரு சார்?" என்றாள் வேம்பு.

கேட்டது ஏகாம்பரத்திடம்.

அவர் கணினி நிரல் எழுதக் கற்றுத் தருபவர். வேம்பு அவரைவிட மூத்தவள். வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து மாணவியானவள். அவரிடம் படிக்கிறவர்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு சிற்றிதழ் நடத்தினார்கள். பக்கங்களை உருவாக்கும் நிரலும் அவர்கள் எழுதியதுதான். கவிதைகள் அந்த நிரலுக்குள்ளேயே, மேற்கோள் குறிகளுக்கு நடுவில் இருந்தன.

நிரலின் வரிகள் ஓரத்திலிருந்து உள்தள்ளி நிற்க வேண்டும் என்பது வழக்கம். வேம்பு கவிதையையும் அதே மட்டத்துக்குத் தள்ளி எழுதினாள். தள்ளிய இடமும் சேர்ந்து இதழின் பக்கத்தில் வந்து, கவிதை ஓரத்தை விட்டு நடுவில் போய் நின்றது.

இதழைத் தொகுக்கும் செபாஸ்டியன் எல்லா வரிகளின் முன்னாலும் இருந்த வெற்றிடத்தை வழித்து எடுத்துவிட்டான். ஒவ்வொரு வரியும் முந்தையதைவிடத் தள்ளி, குளத்துப் படிபோல இறங்கிய கவிதை தரையில் படுத்துவிட்டது.

கேட்டதற்கு, "காலி இடத்துக்குமா பட்டா கேப்பீங்க, வேம்பக்கா?" என்றான்.

இன்று சாயங்காலம் இதழ் வெளியாகிறது. இப்படியே வந்தால் கவிதையையும் எடுத்துக்கொண்டு வகுப்பையும் விட்டுப் போவதாக வேம்பு சொன்னாள். செபாஸ்டியன் அடுத்த மேசையில்தான் இருந்தான். அவன் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

ஏகாம்பரம் அவள் எழுதியபடியே கவிதையைத் திரையில் திறந்தார்.

        இறங்கினேன்
            இன்னும் இறங்கினேன்
                தண்ணீர் இருந்த இடம்வரை

பிறகு வெற்றிடம் முழுவதையும் அழித்தார்.

வேம்பு விசைப்பலகையை இழுத்து இரண்டாவது வரியைத் தள்ளினாள். மூன்றாவதை இன்னும் தள்ளினாள்.

அவர் மறுபடி அழித்தார்.

அவள் மறுபடி தள்ளினாள்.

அவர் கை நீண்டது. அவள் விசைகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"எடுக்க மாட்டேன் சார்."

"எடுக்காதீங்க," என்றார் ஏகாம்பரம். "முதல் வரிக்கு முன்னாடி இருந்ததையும்தான் அழிச்சேன். அதுக்கு ஏன் சண்டைக்கு வரல?"

வேம்பு திரையைப் பார்த்தாள். முதல் வரி ஓரத்தை ஒட்டி நின்றது. மற்ற இரண்டும் அதிலிருந்து இறங்கின.

"அது நிரலோடது, என்னோடது இல்லையே," என்றாள். சொன்ன பிறகுதான் அது அவளுக்கே கேட்டது.

கையை எடுக்காமலே திரும்பினாள்.

"செபாஸ்டியன், நான் முதல்ல எழுதினதுல முதல் வரி எவ்வளவு தள்ளி இருக்கோ, அவ்வளவை மட்டும் எல்லா வரியிலயும் எடுத்துக்கோ. அதுக்கு மேல ஒரு இடம் குறைஞ்சாலும் கவிதை கிடையாது."