மழையை நம்பிப் போட்ட பூப்பாத்தி

வெகு காலத்துக்கு முன்னால் கரும்பொறை நாட்டை மானவர்மன் என்றொரு அரசன் ஆண்டான். அவன் சிரித்தால் அரண்மனையில் எல்லோரும் எட்டி ஒதுங்கிக்கொள்வார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் நந்தவனத்தில் தண்ணீர் சுமந்தவன் வழுக்கி விழ, அரசனின் பட்டாடையில் சேறு தெறித்தது.

"இனி இங்கே ஒரு குடம் தண்ணீர் நுழையக்கூடாது. ஆனால் பூ இருக்க வேண்டும். பட்டுப்போனதைப் பிடுங்கி அடிக்கடி புதுச்செடி நடுகிற வேலையும் ஆகாது" என்றான் அரசன்.

"தண்ணீர் ஊற்றாமல் எப்படி அரசே?" என்று உள்ளதைக் கேட்டான் தோட்டக்காரன் சடையன். அவனைக் குழிச்சிறையில் இறக்கிவிட்டார்கள்.

சடையனின் மனைவி அரும்பாயி சபைக்கு வந்தாள்.

"இரண்டு மழைக்காலம் கொடுங்கள் மகாராஜா. மழையிலேயே பூக்க வைக்கிறேன். என் வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள்."

"பூக்காவிட்டால் நீயும் அவனோடு. குழியை மூடிவிடுவேன்" என்று அரசன் சிரித்தான்.

அரும்பாயி உடனே எதையும் நடவில்லை. ஐப்பசி மழையில் நனைந்தபடி நின்று, தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்தாள். கூரையிலிருந்து கொட்டுகிற தண்ணீரை வரப்பு கட்டிப் பாத்திக்குள் திருப்பினாள். ஈரம் தங்கும் தாழ்வில் நந்தியாவட்டை, சரிவில் காந்தள் கிழங்கு, சரளை மேட்டில் அரளியும் ஆவாரையும் வைத்தாள். மண் காயாதபடி மேலே சருகு பரப்பினாள். தினமும் கயிற்றில் கட்டிக் கஞ்சி இறக்கும்போது, "பூத்ததா?" என்று குழிக்குள்ளிருந்து குரல் வரும். அவள் கயிற்றை மேலே இழுத்துக்கொண்டு பாத்திக்குத் திரும்புவாள்.

இதெல்லாம் நந்தவன அதிகாரி வச்சிரநம்பிக்குப் பொறுக்கவில்லை. 'எனக்குத் தெரியாததா இவளுக்குத் தெரியும்?' என்று குமைந்தான்.

இரண்டாம் சித்திரையில் அரசன் பரிவாரத்தோடு வந்தான். அரளியும் ஆவாரையும் பூத்துக் குலுங்கின. நம்பி முந்திக்கொண்டு சரிவில் சருகை விலக்கினான்.

"மண்ணைத் தொட்டுப் பாருங்கள் அரசே! மழை பெய்து இரண்டு மாதம் ஆயிற்று. இங்கே மட்டும் ஈரம் எப்படி வந்தது? ஏமாற்றுக்காரி!"

அரசன் சிரித்தான். காவலன் கை வாளுக்குப் போனது. அரும்பாயி ஓடி வந்தாள். குனிந்து பார்த்தாள். காந்தள் இருந்த இடம்.

"ஐயோ, கோடையில் தூங்குகிற கிழங்கு மகாராஜா! இப்போது தண்ணீர் விட்டால் அழுகிவிடும். நட்டவள் ஊற்றுவேனா?"

"பிறகு யார் ஊற்றினார்கள்?"

"தெரியாது. யாரானாலும் பாவம். காந்தள் கிழங்கு நஞ்சு. கோடையில் ஈரம் பட்டால் அந்த நஞ்சு கசியும். வெறுங்காலோடு அதில் நின்று ஊற்றியவருக்கு முதலில் பெருவிரல் மரத்துப்போகும். உச்சிவேளைக்குள் மார்பு வரை ஏறிவிடும். இப்போதே வேப்பெண்ணெய் தேய்த்தால் பிழைக்கலாம்."

அரசனின் பார்வை ஒவ்வொரு காலாக நகர்ந்தது. ஒரே ஒரு பெருவிரல் மட்டும் மடங்கி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

"என்ன நம்பி, விரல் எப்படி இருக்கிறது?"

"மரத்துவிட்டது அரசே! எண்ணெய்! யாராவது எண்ணெய் கொண்டு வாருங்கள்!"

அரசன் குலுங்கிச் சிரித்தான். சட்டென்று நிறுத்தி அரும்பாயி பக்கம் திரும்பினான்.

"காலில் நஞ்சு ஏறுமா?"

"ஏறாது மகாராஜா. பொய்தான் சொன்னேன்."

"என் எதிரிலேயே பொய்யா?"

"உயிர்ப் பயத்தில் சொன்னேன். உண்மையைச் சொன்னவர்தான் குழியில் கிடக்கிறாரே."

அரசன் குழிச்சிறை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "சடையனைத் தூக்குங்கள். நம்பியின் தலைப்பாகையைக் கழற்றுங்கள். அரும்பாயி, அவன் பதவி உனக்கு. ஒரு கிராமமும் தருகிறேன்" என்றான்.

"பதவி வேண்டாம். கிராமமும் வேண்டாம். நாங்கள் போக உத்தரவு தாருங்கள்."

"தோட்டத்தை யார் பார்ப்பது?"

"இதற்கு ஆள் தேவையில்லை மகாராஜா. மழை பெய்தால் போதும்."

அரசன் மெல்லத் தலையசைத்தான். வெளிச்சத்தில் கண் கூசித் தடுமாறிய கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு அரும்பாயி நடந்தாள். நாட்டின் எல்லைக் கல்லைத் தாண்டும்வரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.