பால் மட்டும் குடிக்கிறவர்

ஒரு காட்டில் வேலைக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்குத்தான் பஞ்சம்.

வேலை தேடி எங்கெங்கிருந்தோ இளவட்டங்கள் அங்கே வந்து சேர்ந்தன. அப்படி வந்தவள்தான் சுடர் என்ற கீரி. அவளுக்கு மகிழந்தோப்பில் காவல் வேலை. தோப்பில் குடியிருந்த அணில், முயல், புறா எல்லாம் காலையில் தங்கள் குஞ்சு குட்டிகளைப் புல்வெளியில் விட்டுவிட்டு இரை தேடப் போய்விடும். அந்தப் பக்கம் பாம்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுடருக்குப் பொய் சொல்ல வராது, பாம்பைக் கண்டால் விடவும் தெரியாது. மற்றபடி பெரிய சாமர்த்தியம் எதுவும் அவளிடம் இல்லை.

கூட வேலை பார்த்தவள் பவளம் என்ற முள்ளெலி. காலையில் வந்த குட்டிகள் எல்லாம் மாலையில் வீடு திரும்பினவா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. மகா பயந்தாங்கொள்ளி. யாராவது குரலை உயர்த்தினால் போதும், பந்தாகச் சுருண்டுவிடுவாள்.

இருவரும் ஆற்றங்கரையில் ஒரு வளையில் சேர்ந்து இருந்தார்கள். ஐப்பசி மழை தொடங்கினால் அந்த வளை முழுகிப்போகும். அதற்குள் வேறு வீடு பார்த்தாக வேண்டும். வேலைக்குப் பக்கத்தில் கிடைக்காவிட்டால் காலையில் நேரத்துக்கு வந்து சேர முடியாது.

தரகர் ஓணானைப் போய்ப் பார்த்தார்கள். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார் ஓணான். வீட்டுக்காரருக்கும் ஆட்டுவார், குடிவருகிறவருக்கும் ஆட்டுவார். அதை வைத்துத்தான் அவர் பிழைப்பு ஓடியது.

"கல்லுமேடுன்னா இன்னிக்கே கிடைக்கும்மா. யாரும் ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க. ஆனா ரொம்பத் தூரம். விடியறப்போ கிளம்பினாலும் வெயில் ஏறித்தான் வந்து சேருவீங்க. மூங்கில்காடு பக்கம்தான். ஆனா காத்தடிச்சா ஒரே கிறீச் கிறீச்னு சத்தம், தூங்கவே முடியாது."

"மகிழந்தோப்பிலேயே பாருங்க அண்ணே," என்றாள் சுடர். "வேலையே அங்கேதானே."

ஓணான் தலையை ஆட்டினார்.

தோப்பில் பெரிய மகிழமரம் ஒன்று. மேலே கிளையில் வீட்டுக்காரர் அணிலார் குடும்பத்தோடு இருந்தார். அடிமரத்துப் பொந்து, அவர் பாஷையில் கீழ்ப் போர்ஷன், வாடகைக்குக் காலியாக இருந்தது. சுடர் உள்ளே போய்ப் பார்த்தாள். மண் காய்ந்து சுத்தமாகக் கிடந்தது. வாசல் நேரே புல்வெளியைப் பார்த்திருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே குட்டிகள் அத்தனை பேரையும் கண்ணில் வைத்துக்கொள்ளலாம். அவளுக்கு அந்த வீடு மிகவும் பிடித்துப்போயிற்று.

அணிலார் முதுகின் மூன்று கோடும் தெரிய நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்கம்மா, வாங்க. எங்க மொட்டு வீட்டுக்கு வந்தா உங்க பேச்சுதான். சுடரக்கா வால்ல ஊஞ்சல் ஆடினேன், சுடரக்கா கதை சொன்னாங்கன்னு காதைத் துளைச்சிடுவா."

மொட்டு அணிலாரின் கடைக்குட்டி. சுடருக்கும் அவள் என்றால் உயிர்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார் அணிலார்.

"இல்லை சார்."

"ஊர்லேருந்து விருந்தாளி யாராவது வருவாங்களா?"

"யாரும் வரமாட்டாங்க சார். நாங்க ரெண்டு பேர்தான்."

"நல்லது. கடைசியா ஒண்ணே ஒண்ணு. நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

ஓணானின் தலை அசையாமல் நின்றது. பவளம் சுடரின் காதோரம் குனிந்தாள். "கிழங்குன்னு சொல்லுடி. யார் வந்து எட்டிப் பாக்கப்போறா?"

"பாம்பு சாப்பிடுவேன் சார்," என்றாள் சுடர். "தேள் சாப்பிடுவேன். எலியும்."

அணிலாரின் மூக்கு சுருங்கியது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கு ஒண்ணுமில்லை. அக்கம்பக்கம் இருக்காங்களே. புறா வீட்டம்மாவுக்கு அந்த வாசனையே ஆகாது. இது சுத்தமான தெரு."

"சார், உங்க புள்ளைங்களைப் பகல் பூரா நான்தானே பாத்துக்கிறேன்?"

"அது வேலை. இது வீடு. வேலை வேற, வீடு வேற இல்லையா?"

ஓணான் தலையை ஆட்டினார்.

குழந்தைகளே, இந்த அக்கம்பக்கம் என்கிற ஆசாமியை யாரும் நேரில் பார்த்ததில்லை. சுடர் அந்தத் தோப்பில் ஏழு வீடு ஏறி இறங்கினாள். ஏழிலும் பொந்து காலி. ஏழிலும் அதே கேள்வி. புறா வீட்டம்மா, "எனக்கு ஒண்ணுமில்லை, முயல் ஏதாவது சொல்வார்," என்றாள். முயலார், "எனக்கு ஒண்ணுமில்லை, அணிலார் ஏதாவது சொல்வார்," என்றார். ஒருவர் வாயிலிருந்தும் நேரான பதில் வரவில்லை.

ஏழாவது வாசலை விட்டு இறங்கும்போது சுடருக்கு உடம்பு முழுவதும் மயிர் சிலிர்த்து நின்றது.

"பாம்பைக் கொல்ல என் பல்லு வேணும். அந்தப் பல்லு இருக்கிற வாய் மட்டும் வேணாமா இவங்களுக்கு?"

பவளம் அப்போதே சுருண்டுவிட்டாள்.

இருவரும் கல்லுமேட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே பக்கத்து வளையில் இருந்த உடும்பக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் வளையைக் கூட்டித் தந்தாள். "எங்க குட்டிங்களையும் பாத்துக்க ஆள் இல்லாம தவிக்கிறோம். உனக்கு எப்போ தோணுதோ, இங்கேயே வேலைக்கு வந்துடு," என்றாள். மகிழந்தோப்புக் குட்டிகளை விட்டு வரச் சுடருக்கு மனமில்லை. தினமும் விடியும்போதே கிளம்பி நடந்தாள். எவ்வளவு வேகமாக நடந்தாலும் வெயில் ஏறிய பிறகுதான் வந்து சேர முடிந்தது.

"நான் வர்றவரைக்கும் குட்டிங்களை வெளியே விடாதீங்க சார்," என்று அணிலாரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"நாங்க இரை தேடப் போக வேண்டாமா? நீ இன்னும் சீக்கிரம் கிளம்பு," என்றார் அவர். வீடு இல்லை என்று ஆனதிலிருந்து 'நீங்க' என்பது 'நீ' ஆகிவிட்டிருந்தது.

ஒரு நாள் அவள் வந்தபோது கீழ்ப் போர்ஷன் வாசலில் ஒரு பாம்புச் சட்டை உரிந்து கிடந்தது. சுடர் பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தாள்.

"ஏய், நில்லு," என்று மேலிருந்து கத்தினார் அணிலார். "அவர் நம்ம வீட்டுக்குக் குடிவந்தவர். நாகம். பெரிய குடும்பம். பாலைத் தவிர எதையும் தொடமாட்டாராம். இது நமக்குத் தெரியாதா என்ன? புத்துக்குப் புத்து எல்லாரும் அவங்களுக்குத்தானே பால் வார்க்கிறாங்க? வெள்ளிக்கிழமையானா அதுவும் கிடையாதாம், விரதம். விருந்தாளி இல்லை, ஒரு சத்தம் இல்லை. வாசல்ல ஒரு செருப்புகூடக் கிடையாது."

"சார், அது பாம்பு."

"பாம்புன்னா என்ன? நாக்கு சுத்தமா இருக்கா இல்லையா? அதுதான் முக்கியம். உனக்கு வீடு கிடைக்கலைன்னு வயித்தெரிச்சல்."

பொந்துக்குள்ளிருந்து நாகம் மெல்லத் தலையை நீட்டியது. "யாரு சார் இது? உங்க தெருவுல இந்த மாதிரி ஆளுங்ககூட வர்றாங்களா? என்னவோ நாத்தம் அடிக்குதே."

"மன்னிச்சுக்குங்க. காவலுக்கு வர்றவ. உள்ளேயெல்லாம் வரமாட்டா," என்று குழைந்தார் அணிலார். பிறகு சுடரைப் பார்த்தார். "குடியிருக்கிறவங்க மேல கை வெச்சா உன் வேலை போயிடும், சொல்லிட்டேன்."

சுடர் ஓணானைத் தேடிப் பிடித்தாள். "பாம்பு எதைத் தின்னும்னு உங்களுக்குத் தெரியாதா அண்ணே? நீங்கதானே கூட்டிட்டு வந்தீங்க?"

ஓணான் அதற்கும் தலையை ஆட்டினார். அந்தத் தலையைக் கடித்துத் துப்பிவிடலாமா என்று வந்தது சுடருக்கு. வேலை போய்விட்டால் குட்டிகளை யார் பார்ப்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து பகல் முழுவதும் அந்தப் பொந்துக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். அவள் இருக்கும்வரை நாகம் வெளியே தலை காட்டவில்லை. அதற்கு அவசரமும் இல்லை. கல்லுமேட்டிலிருந்து ஒரு கீரி வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று அது கணக்குப் போட்டு வைத்திருந்தது.

நாலாம் நாள் புறாக்குஞ்சு ஒன்றைக் காணவில்லை.

"பருந்து தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றார் அணிலார்.

அடுத்த வாரம் முயலாரின் குட்டி ஒன்றைக் காணவில்லை.

"வழி தவறிப் போயிருக்கும்," என்றார் அணிலார். நாகம் உள்ளிருந்தபடி, "ஐயோ பாவம்," என்றது.

"பொந்தைச் சோதிச்சுப் பாருங்க," என்று சுடர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். பறிகொடுத்த புறா வீட்டம்மாகூட, "பால் குடிக்கிறவர் மேல அபாண்டம் சொல்லாதே, பாவம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் விடியும்போதே மழை கொட்டத் தொடங்கிவிட்டது. கல்லுமேட்டுப் பாதை முழுவதும் சேறு. வழுக்கி விழுந்து எழுந்து, தொப்பலாக நனைந்து சுடரும் பவளமும் தோப்புக்குள் வந்தபோது மகிழமரத்தடியில் ஒரே கூட்டம். அணிலார் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். மொட்டுவைக் காணவில்லை.

சுடரைக் கண்டதும் அழுகை கோபமாக மாறியது.

"இப்போதான் வர்றியா நீ? காவலுக்கு வெச்சா இதுதான் லட்சணமா? நீ நேரத்துக்கு வந்திருந்தா என் புள்ள போயிருப்பாளா?"

"அதானே," என்றார் முயலார். "பொறுப்புன்னா என்னன்னே தெரியலை இந்தக் காலத்துப் பசங்களுக்கு."

சுடர் ஈரத்தை உதறிவிட்டு அணிலாருக்கு நேரே வந்து நின்றாள்.

"நேரத்துக்கு வர்றதுக்குத்தான் சார் உங்ககிட்ட வீடு கேட்டேன்," என்றாள். "இதே வாசல்ல நின்னு கேட்டேன். ஏழு வாசல்ல கேட்டேன். நான் இந்தப் பொந்துல இருந்திருந்தா விடியறதுக்கு முன்னாடியே வாசல்ல உக்காந்திருப்பேன். என்னைக் கல்லுமேட்டுக்குத் துரத்தினது யாரு? இப்போ ஏன் லேட்டுன்னு என்னையே கேக்கறீங்களா?"

எல்லோரும் இவ்வளவு உரக்கக் கத்தியும் பவளம் அன்று சுருளவில்லை. தானாக நாலடி முன்னால் போய்ப் பொந்து வாசலில் நின்றாள்.

"எட்டிப் பாருங்க," என்றாள்.

நாகம் உள்ளே நீட்டிப் படுத்திருந்தது. நடுவயிறு உப்பியிருந்தது. நெளிந்து ஓடக்கூட அதனால் முடியவில்லை.

"விரதம் முடிச்சேன் சார். பால் கொஞ்சம் அதிகமாயிடுச்சு," என்றது.

சுடர் திரும்பி அணிலாரைப் பார்த்தாள். "குடியிருக்கிறவங்க மேல கை வெச்சா வேலை போயிடும்னீங்க. இப்போ வைக்கலாமா?"

அணிலார் வாசலை விட்டு விலகி வழிவிட்டார். சுடர் உள்ளே பாய்ந்தாள். ஒரு சீறல், ஒரு புரளல். பாம்பை வாசலுக்கு இழுத்துப் போட்டபோது அதன் கழுத்து தொங்கிக்கொண்டிருந்தது.

மழை கொஞ்சம் ஓய்ந்தது. முயலார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. பொந்து காலியாத்தான் இருக்கு. இன்னிக்கே குடி வந்துடும்மா. என்ன அணிலாரே?"

அணிலார் தரையைப் பார்த்தபடி தலையசைத்தார்.

"சாப்பாட்டை மட்டும் தோப்புக்கு வெளியே வெச்சுக்கோ," என்று தொடர்ந்தார் முயலார். "இந்தப் பாம்பையும் இங்கே வெச்சுத் தின்னாதே. அக்கம்பக்கம் பாக்குது பாரு."

சுடர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று பிள்ளைகள் போயும் இவர்களுக்குப் புத்தி வரவில்லை.

"இதை நான் தின்னமாட்டேன்," என்றாள். "இதோட வயித்துல மொட்டு இருக்கா. குழி தோண்டிப் புதைங்க."

அணிலார் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"காவலுக்கு நாளையிலேருந்து வேற ஆளைப் பாத்துக்குங்க. உடும்பக்கா என்னைக் கேட்டு ஒரு மாசம் ஆச்சு, நான்தான் உங்க புள்ளைங்களுக்காகப் போகாம இருந்தேன். இனிமே யாருக்காவது வீடு விட்டா, எதைச் சாப்பிடுவீங்கன்னு கேக்காதீங்க. யாரைச் சாப்பிடுவீங்கன்னு கேளுங்க."

சுடரும் பவளமும் சேற்றில் இறங்கிக் கல்லுமேட்டுப் பாதையில் நடந்தார்கள். முயலார் ஓணானைப் பார்த்து, "நாலு நாள்ல திரும்பி வந்துடுவா," என்றார். ஓணான் தலையை ஆட்டினார்.

அணிலார் யாரையும் பார்க்கவில்லை. மகிழமரத்தடியில், நனைந்த மண்ணில், இரண்டு கையாலும் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.

நீதி: உண்பதைக் கேட்டு ஆளை ஒதுக்குகிறவன், காப்பவனை வெளியே தள்ளிக் கொல்பவனை வீட்டுக்குள் வைப்பான்.